டிஸ்க்வேர்ல்டின் நில அமைப்பு

டிஸ்க்வேர்ல்டு, ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட் (1948–2015) 41 நாவல்களில் படைத்த கற்பனை உலகம். அது உருண்டையன்று, ஏறத்தாழ 10,000 மைல் குறுக்களவுள்ள தட்டையான வட்டு. நான்கு யானைகள் அதைத் தாங்குகின்றன. யானைகளைத் தாங்குவது விண்வெளியில் நீந்திச் செல்லும் ஆட்டுயின் என்ற பேராமை. புராணங்களின் கூர்மத்தையும் திசையானைகளையும் அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. சிறு சூரியன் ஒன்று வட்டைச் சுற்றிவருகிறது. அது கடந்து போக ஏதேனும் ஒரு யானை அவ்வப்போது காலைத் தூக்கியாக வேண்டும்.

தட்டை உலகை 1981இல் ‘ஸ்ட்ராட்டா’ என்ற அறிவியல் புனைகதையிலேயே பிராட்செட் எழுதிப் பார்த்திருந்தார். 1983இல் வந்த ‘தி கலர் ஆஃப் மேஜிக்’ நாவலில் அது ஆமையின் முதுகேறியது. இங்கே வடக்கு தெற்கு கிடையாது. மையத்தை நோக்கி, விளிம்பை நோக்கி, சுழலும் பக்கம், அதற்கு எதிர்ப்பக்கம் என நான்கே திசைகள். மையத்தில் கோரி செலஸ்டி என்னும் 10 மைல் உயரச் சிகரம். அதன் உச்சியில் கடவுளர் குடியிருக்கிறார்கள். விளிம்பில் கடல் முழுவதும் அருவியாகக் கொட்டுகிறது. கொட்டிய நீர் எப்படித் திரும்புகிறது என்பதைப் பிராட்செட் விளக்க முயலவில்லை; முயன்றிருந்தால் வேடிக்கை கெட்டிருக்கும். விளிம்பை ஒட்டிய கிரல் நாட்டு அறிஞர்கள், ஆமை ஆணா பெண்ணா என்று பார்த்துவர ஆளேற்றிய கலத்தையே கீழே இறக்கத் திட்டமிடுகிறார்கள்.

வேடிக்கையாகத் தொடங்கிய அமைப்பு போகப்போகக் கதைகளுக்கே அடித்தளமானது. ‘ஸ்மால் காட்ஸ்’ (1992) நாவலில் ஓம்னிய மதகுருமார் உலகம் உருண்டை என்று சாதிக்கிறார்கள். அது ஆமைமேல் நிற்பதாகச் சொல்பவர்களுக்குச் சித்திரவதை. கலிலியோவின் வழக்கைத் தலைகீழாக்கிய கதை இது.

தொடக்க நாவல்களில் வரைபடமே இல்லை. நாவல்களில் சிதறிக் கிடந்த குறிப்புகளை ஸ்டீபன் பிரிக்ஸ் என்பவர் திரட்ட, 1993இல் ஆங்க்-மார்போர்க் நகரின் வரைபடமும் 1995இல் வட்டு முழுவதன் வரைபடமும் வெளியாயின. அதன் பிறகும் நிலம் வளர்வது நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவைக் கேலி செய்யும் நான்காவது கண்டம் 1998 நாவலுக்குக் களமாயிற்று. ‘தி ஃபிஃப்த் எலிஃபன்ட்’ (1999) ஐந்தாவது யானை ஒன்றின் கதையைச் சேர்த்தது: ஆதியில் அது வட்டின் மேல் விழுந்து நொறுங்கியதாம். அதன் கொழுப்பை யூபர்வால்ட் நாட்டில் சுரங்கம் தோண்டி எடுக்கிறார்கள். ஆங்க்-மார்போர்க்கில் அது மெழுகுவர்த்தியாக எரிகிறது.