ஓவியத்தில் இல்லாத தந்தை

தாம்பரம் தடத்து மின்ரயிலில் வந்திறங்கிப் பரங்கிமலைப் படிகளில் ஏறுவோர், உச்சியிலுள்ள ஆலயத்தில் மரப்பலகைமேல் தீட்டப்பட்ட பழைய ஓவியத்தின்முன் சற்றே நிற்பர். தாயும் சேயும் மட்டுமே, சூசையப்பர் இல்லை. புனித லூக்கா வரைந்தது, புனித தோமையார் கொணர்ந்தது என்பது மரபு. 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய அவ்வாலயம், பேறுகாலத்தை எதிர்நோக்கிய அன்னையின் பெயரைத் தாங்கியது. அங்கே நிற்கும்போதெல்லாம், வேறோர் எதிர்நோக்கைக் காட்டும் அரண்மனை ஓவியமொன்று என் நினைவுக்கு வரும்.

ராஜா ரவிவர்மா 1893-இல் வரைந்த 'அதோ அப்பா வருகிறார்' என்பதே அது. இடுப்பில் குழந்தையுடன் நிற்பவர் ஓவியரின் மூத்த மகள் மகாபிரபா; குழந்தை அவருடைய மகன். தாய் ஒரு திசையைச் சுட்டுகிறார்; அருகிலுள்ள நாயும் அப்பக்கமே நோக்குகிறது. வருபவரை மட்டும் காணோம். அவ்வாண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்குச் சென்ற ரவிவர்மாவின் பத்து ஓவியங்களுள் இதுவும் ஒன்று. அங்கே கண்டவர்கள் இனிய இல்லறக் காட்சி என்றே கொண்டிருப்பர்.

அவ்வீட்டின் வழக்கமோ வேறு. மருமக்கட்டாய முறையில் பிள்ளைகள் தாயின் குடும்பத்தவர். ஆணின் வாரிசுகள் அவனுடைய சகோதரியின் மக்களே. ரவிவர்மா கிளிமானூரைச் சேர்ந்தவர்; அவருடைய புதல்வியரோ தாயின் மாவேலிக்கரை அரண்மனைக்கு உரியவர்கள். தம் குடும்பத்தில் சேராத மகளை, இன்னொரு தந்தையின் வரவைச் சுட்டுபவளாக அவர் நிறுத்தியிருக்கிறார். தந்தைவழிக் குடும்பத்துக்கான பரிந்துரையாக இதைக் காண்போர் உண்டு. அவ்வளவு தூரம் செல்ல எனக்கு மனமில்லை. உரிமையற்ற ஒரு தகப்பனின் ஏக்கமே இதில் மிகுதி என்பேன்.

1895-இல் மகாபிரபாவுக்குப் பிறந்த சேது லட்சுமிபாய், ஐந்து வயது நிறையுமுன்னே, 1900-இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்தெடுக்கப்பட்டார். தாய்வழியில் அரசுரிமை தொடர அங்கே பெண்மக்கள் இல்லை. 1924 முதல் 1931 வரை ஆட்சிப் பொறுப்பு அவரிடம் இருந்தது. அவ்வாட்சியில் 1925-இல் வந்த நாயர் சட்டம், தாய்வழிக் கூட்டுக் குடும்பங்கள் சொத்தைப் பிரித்துக்கொள்ள வழிவிட்டது. தந்தையின் உடைமை மனைவி மக்களைச் சேரலாயிற்று. தாய்வழி உரிமையால் உயர்ந்த பெண்ணே அம்முறை தளர ஒப்புதல் அளித்தார். பேத்தியின் ஆட்சியைக் காண ரவிவர்மா இல்லை, 1906-இலேயே மறைந்துவிட்டார். பிள்ளைகள் தந்தையைப் பெற்றனர். ஆனால் கணவன் வந்தாலும் வராவிட்டாலும் பிறந்த வீட்டிலேயே வாழ்நாள் முழுதும் இருக்கலாம் என்று பெண்களுக்கிருந்த உறுதி, அவ்வீடுகள் பங்கிடப்பட்டபோது அவற்றோடு போயிற்று.