கைப்பிடி அரிசிக் காணிக்கை

அன்றாடம் உலையில் இடுவதற்கு அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை இறைப்பணிக்கென எடுத்து வைத்து, சேர்ந்ததை ஆலயத்தில் கொண்டு கொடுக்கும் கிறிஸ்தவ வழக்கம். பிடியரிசி என்றும் சொல்வர். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சபைகளில் இது பெண்கள் வழியாகவே வேரூன்றி நிலைத்தது. விசுவாசத்தை அடுப்படி வேலையோடு சேர்த்துக் கட்டிய வழக்கம் என்பதும், கையில் ரொக்கம் இல்லாதவரையும் கொடுப்பவராக்கியது என்பதும் இதன் சிறப்பு.

வழக்கம்

உலை வைக்கும்போது வீட்டுக்கு வேண்டிய அரிசியை உழக்கால் அளந்தபின், அதிலிருந்தே ஒரு பிடி திரும்ப எடுக்கப்படும். இதற்கென அடுப்படியில் ஒரு கலயமோ டப்பாவோ இருக்கும். மிஞ்சியதைக் கொடுப்பது காணிக்கையாகாது. அன்றைய சாப்பாட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதே காணிக்கை என்பது இதன் அடிப்படை.

ஒரு பிடி ஏறத்தாழ 40 முதல் 50 கிராம் இருக்கும். நாளுக்கு ஒருமுறை உலை வைக்கும் வீட்டில் மாதத்துக்கு 1.2 கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை சேரும். நூறு வீடுள்ள சபையில் அது 120 முதல் 150 கிலோ. ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது பையில் கொண்டுவந்து ஆலயத்தில் உள்ள பாத்திரத்தில் கொட்டுவதும், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடுவீடாகப் போய் வாங்குவதும் உண்டு. பல வீட்டு அரிசி ஒன்றாகக் கலக்கும்போது புழுங்கலும் பச்சையும், பழையதும் புதியதும் சேர்ந்துவிடும். ஒன்று குழைந்த பிறகும் மற்றொன்று வேகாமல் நிற்கும். அதனால் இது சோற்றைவிடக் கஞ்சிக்கும் மாவுக்குமே தோதானது. சேர்ந்த அரிசியை ஏழை வீடுகளுக்குக் கொடுப்பதுண்டு. விற்றுப் பணமாக்கி ஊழியத்துக்கு அனுப்புவதும் உண்டு.

விவிலிய அடிப்படை

சாறிபாத்து ஊர்க் கைம்பெண் பஞ்ச காலத்தில் பானையிலிருந்த கடைசிப் பிடி மாவில் எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்த கதையும் (1 இராஜாக்கள் 17), ஏழை விதவையின் இரண்டு காசைச் செல்வர்களின் காணிக்கையைவிடப் பெரிதென்று இயேசு சொன்ன நிகழ்ச்சியும் (மாற்கு 12) இவ்வழக்கத்துக்கு ஆதாரமாகப் பிரசங்கங்களில் எடுத்துச் சொல்லப்படும். பசித்தவனை வெறும் நல்வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவதில் பயனில்லை என வாதிடும் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரமும் இதே கருத்தைச் சார்ந்தது.

வரலாற்றுப் பின்னணி

தங்கள் ஊழியத்துக்குத் தாங்களே கொடுப்பது என்ற எண்ணம் திருநெல்வேலிச் சபைகளில் தொடக்கத்திலேயே ஊன்றியது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸின் காலத்தில், 1830இல், தர்ம சங்கம் தொடங்கியது. மதம் மாறியதால் வீடுவாசல் இழந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவது அதன் வேலை.

1854இல் மிஷனரி ராக்லண்டும் அவரது தோழர்களும் வடதிருநெல்வேலியில் கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் செல்லும் ஊழியத்தைத் தொடங்கினர். தெற்கே இருந்த சபைகள் உபதேசியார்களை முறைவைத்து இதற்கு அனுப்பின. அவர்களுக்கான செலவையும் ஏற்றன. ராக்லண்ட் 1858இல் சிவகாசியில் இறந்தார். தேரிக்காட்டுப் பனையேறிகளின் சபைகள் வடக்கே கரிசல் காட்டுக்கு ஆளும் பொருளும் அனுப்பிய இம்முயற்சி, உள்ளூர்க் காணிக்கையால் வெளியூர் ஊழியம் நடத்துவதற்கு முன்மாதிரியாயிற்று.

அதன் அடுத்த கட்டம் 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்ட இந்திய மிஷனரி சங்கம். இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா (1874–1945) அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் பகுதி அதன் பணித்தளமாயிற்று. அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தெலுங்குக் கிராமச் சபைகளிலும் தானியம், கோழி, ஆடு என விளைந்ததையும் வளர்த்ததையும் அறுப்புத் திருவிழாவில் கொண்டுவந்து படைக்கும் வழக்கத்தை அவர் ஊக்குவித்தார்.

கரிசல் வட்டாரத்தில்

இவ்வட்டாரத்துக்கு எடுத்துக்காட்டாகக் கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே உள்ள பசுவந்தனையைச் சொல்லலாம்; கைலாசநாதர் கோயிலால் அறியப்படும் ஊர். சுற்றிலும் மானாவாரிக் கரிசல். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அறுப்பார்கள். கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, மிளகாய் ஆகியவை பழைய வெள்ளாமை. இப்போது மக்காச்சோளம் பெருகிவிட்டது. இத்தகைய மண்ணில் நெல்லரிசி அன்றாட உணவானது பிற்காலத்தில்தான்.

பருத்தியோ மிளகாயோ விற்றால்தான் கையில் காசு; அதுவும் பெரும்பாலும் ஆணின் கைக்குப் போகும். குதிருக்கும் பானைக்கும் பொறுப்பு பெண். இருப்பு எத்தனை நாளைக்கு வரும், எப்போது அளவைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் கணக்கு. அந்தக் கணக்குக்குள் ஒரு பிடியைச் சேர்த்ததால், யாரையும் கேட்காமல் தானே தீர்மானித்துக் கொடுக்கும் உரிமை அவளுக்குக் கிடைத்தது. மழை பொய்த்த ஆண்டில் இந்தக் காணிக்கையின் கனம் கூடும். பிடியின் அளவு மாறாவிட்டாலும், அது எடுக்கப்படும் பானை குறைந்திருக்கும்.

அறுப்பின் பண்டிகையும் அசனமும்

பிடியரிசி அன்றாடக் காணிக்கை என்றால், அறுப்பின் பண்டிகை ஆண்டுக் காணிக்கை. தானியம், பூசணி, வாழைத்தார், முட்டை, சேவல் எனக் கொண்டுவந்து படைத்தவை ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வரும். ஏலத்தில் எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வதுண்டு. ஒரே சேவல் பலமுறை விலைபோகும்.

அசனம் என்பது சபையாரும் ஊராரும் சேர்ந்து உண்ணும் பொதுவிருந்து. அரிசி, பருப்பு, காய், விறகு எல்லாம் வீடுகளிலிருந்து வரும். கத்தோலிக்கரிடையே இது அந்தோணியார் பக்தியோடு இணைந்தது. இவ்வட்டாரத்தின் புளியம்பட்டி அந்தோணியார் திருத்தலத்துக்குப் பிற சமயத்தவரும் நேர்ச்சையோடு வருகின்றனர். ஆனால் ஒரே சாதியினர் மட்டுமே சபையாக அமைந்த ஊர்களில் அசனத்தைச் சமபந்தி என்று சொல்வது எவ்வளவு பொருந்தும் என்ற விமரிசனமும் உண்டு. ஊர் முழுவதையும் அழைக்கும் இடங்களில் மட்டுமே அக்கேள்விக்கு விடை கிடைக்கிறது.

ஒத்த வழக்கங்கள்

மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் பெண்கள் 1910 முதல் கடைப்பிடிக்கும் ‘புஃபாய் தம்’ இதே வழக்கம்தான். அங்கே அது சபை வருவாயின் பெரும் பகுதிகளில் ஒன்றாக வளர்ந்து, மிஷனரிகளை அனுப்பவும் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி, நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து ஏழைகளுக்கு அன்னமாகச் சேர்ப்பிக்கும் பிடியரிசித் திட்டத்தை வலியுறுத்தினார். சமயம் எதுவானாலும் எடுப்பது அடுப்படியில், எடுப்பவள் பெண் என்பதில் மூன்றும் ஒத்திருக்கின்றன.

இன்றைய நிலை

2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அரசின் ஊரக வேலைத் திட்டம், தீப்பெட்டி ஆபீஸ் கூலி ஆகியவற்றால் கரிசல் பெண்களின் கையிலும் காசு புழங்குகிறது. பல இடங்களில் கலயத்தின் இடத்துக்குக் காணிக்கைக் கவர் வந்துவிட்டது. கணக்கு வைக்கவும் அனுப்பவும் கவர் எளிது. ஆயினும் அது வாரத்தில் ஒருநாள் நினைவுக்கு வருவது; பிடியரிசியோ உலை வைக்கும்போதெல்லாம் கைக்கு வேலை கொடுத்தது. அரிசிக்குத் தட்டில்லாத வீட்டில் ஒரு பிடி எடுப்பது தியாகமாகாது என்பதால், எதை விட்டுக்கொடுத்தால் இன்று அது பிடியரிசிக்கு ஈடாகும் என்பதை ஒவ்வொரு வீடும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.