உத்தரவு சொல்லுதல்: ஒரு வாத்தியாரின் வாசிப்புப் பட்டியல்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாக வாசியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், என் பையன் பிளஸ் டூ படிக்கிறான். இனிமேல் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறான். கடவுள் இருக்கிறார் என்பதற்கு என்ன ஆதாரம், இருந்தால் உலகத்தில் இவ்வளவு கஷ்டம் ஏன் என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள்தான் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருப்பீர்களே, அவனுக்கு ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுங்கள்" என்றார்.

லிஸ்ட் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது வரலாற்றுப் பாடமாகிவிட்டது. அதனால் எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன். என் மாணவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் நிறைய உண்டு. யாரையும் மதம் மாற்றுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு மதத்தார் தங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளை 1900 ஆண்டுகளாக எப்படிச் சந்தித்தார்கள், எங்கே நன்றாகச் செய்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்ற கதை இது. நான் இறையியல் கல்லூரியில் படித்தவன் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும்தான். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தவன்.

முதலில் ஒரு சொல். பேதுருவின் முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில், உங்கள் நம்பிக்கையைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்ற கருத்து வருகிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'அப்போலோகியா'. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்க நியாயத்தை எடுத்துச் சொல்வது என்று பொருள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'உத்தரவு' என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் உத்தரவு என்றால் பதில். இன்று அதே சொல்லுக்குக் கட்டளை என்று அர்த்தமாகிவிட்டது. கலெக்டர் உத்தரவு, கோர்ட் உத்தரவு என்கிறோம். இந்த அர்த்த மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

இனி பட்டியல்.

1. ஜஸ்டின் எழுதிய 'முதல் அப்போலஜி', சுமார் 155.

ஜஸ்டின் இன்றைய நாப்லஸ் ஊரில் பிறந்தவர். உண்மையைத் தேடி ஆசிரியர் ஆசிரியராக அலைந்தார். ஒருவர் கடவுளைப் பற்றிப் பேசவே இல்லை. இன்னொருவர் முதலில் ஃபீஸைப் பேசி முடிப்போம் என்றார். மூன்றாமவர், சங்கீதமும் வானியலும் வடிவியலும் படித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். இதை அவரே எழுதியிருக்கிறார். வாத்தியார்களாகிய நாங்கள் வெட்கப்பட வேண்டிய பக்கம் அது!

கிறிஸ்தவரானபின், பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கு ஒரு மனு எழுதினார். ரோமத் தெய்வங்களை வணங்காததால் கிறிஸ்தவர்களை நாத்திகர்கள் என்றார்கள். நரமாமிசம் தின்கிறார்கள் என்ற வதந்தியும் இருந்தது. ஜஸ்டின் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடும்போது என்ன செய்கிறோம், என்ன வாசிக்கிறோம், காணிக்கை யாருக்குப் போகிறது என்று வரிசையாக எழுதி, நீங்களே விசாரித்துப் பாருங்கள் என்றார். சுமார் 165ல் ரோமில் அவரைக் கொன்றார்கள். கையில் எந்த அதிகாரமும் இல்லாத மனிதனின் பதில் அது.

2. ஓரிகன் எழுதிய 'செல்சஸுக்கு மறுப்பு', சுமார் 248.

செல்சஸ் கிரேக்கத் தத்துவ அறிஞர். சுமார் 178ல் கிறிஸ்தவத்தைக் கடுமையாகத் தாக்கி ஒரு நூல் எழுதினார். அவர் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று, கேள்வி கேட்காதே, நம்பு என்றுதான் இவர்கள் சொல்கிறார்கள் என்பது. எழுபது ஆண்டு கழித்து அலெக்சாண்டிரியாவைச் சேர்ந்த ஓரிகன் எட்டுப் பாகங்களில் பதில் எழுதினார். செல்சஸின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், செல்சஸின் மூல நூல் அழிந்துபோய்விட்டது. இன்று நமக்குக் கிடைப்பதெல்லாம் ஓரிகன் தன் நூலில் எடுத்துக்காட்டிய பகுதிகள்தான். எதிராளியின் குரலை மறுத்தவரே காப்பாற்றி வைத்திருக்கிறார்.

3. அகஸ்தீன் எழுதிய 'கடவுளின் நகரம்', 413 முதல் 426 வரை.

410ல் அலாரிக்கின் படை ரோமைச் சூறையாடியது. அகதிகள் வட ஆப்பிரிக்காவுக்கு ஓடிவந்தார்கள். பழைய தெய்வங்களைக் கைவிட்டதால்தான் இந்தக் கதி என்று பலர் சொன்னார்கள். ஹிப்போ நகரப் பேராயர் அகஸ்தீன் இதற்கு 22 பாகங்களில் பதில் எழுதினார். கும்பிட்டால் கஷ்டம் வராது என்று அவர் சொல்லவில்லை. நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் துன்பம் வருகிறது, எந்தப் பேரரசும் நிரந்தரமில்லை என்றார். 430ல் வேண்டல் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோதே அவர் இறந்தார்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. 380ல் கிறிஸ்தவம் அரசாங்க மதமாகிவிட்டது. டோனடிஸ்டுகள் என்ற பிரிவினரோடு வாதாடி வந்த அகஸ்தீன், பிறகு அவர்களை அரசாங்க பலத்தால் வழிக்குக் கொண்டுவருவதை நியாயப்படுத்தினார். ஜஸ்டினின் கையில் மனு மட்டும் இருந்தது. அகஸ்தீனின் பக்கத்தில் சட்டமும் சேவகர்களும் இருந்தார்கள். பதிலாக இருந்த உத்தரவு கட்டளையாக மாறிய இடங்களில் இது ஒன்று.

4. முதலாம் திமோத்தேயுவும் கலீஃபா அல் மஹ்தியும், சுமார் 782.

பாக்தாதில் கீழைத் திருச்சபையின் தலைவரான திமோத்தேயு, கலீஃபாவின் முன்னிலையில் இரண்டு நாள் உரையாடி, அதைச் சிரியாக் மொழியில் எழுதி வைத்தார். கலீஃபாவின் கேள்விகள் கூர்மையானவை. திமோத்தேயுவின் பதில்கள் மரியாதையானவை. முகமது நபி தீர்க்கதரிசிகளின் பாதையில் நடந்தவர் என்றார். அதே சமயம் தன் விசுவாசத்தில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இருட்டு வீட்டில் ஒரு முத்து விழுந்துவிட்டது, எல்லோரும் தேடுகிறார்கள், ஒவ்வொருவரும் தன் கையில் இருப்பதுதான் முத்து என்று நினைக்கிறார்கள், வெளிச்சம் வந்தால்தான் தெரியும் என்று ஓர் உவமை சொன்னார். முத்து தன்னிடம் இருக்கிறது என்றே அவர் நம்பினார். ஆனாலும் இன்று டிவி விவாதங்களில் கத்துகிறவர்கள் வாசிக்க வேண்டிய உரையாடல் இது.

5. தாமஸ் அக்வினாஸ் எழுதிய 'சும்மா தியாலஜியே', 1265ல் தொடங்கியது.

பெரிய நூல். முழுக்க வாசிக்கச் சொல்லவில்லை, நானும் வாசித்ததில்லை. அமைப்பை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் முதலில் எதிர்வாதங்கள் வரும், பிறகுதான் அவர் பதில். கடவுள் இருக்கிறாரா என்ற இடத்தில் இரண்டு எதிர்வாதங்களை வைக்கிறார். ஒன்று, நல்ல கடவுள் இருந்தால் தீமை இருக்கக் கூடாதே. இரண்டு, கடவுள் இல்லாமலேயே இயற்கையை விளக்க முடிகிறதே. அந்தப் பிளஸ் டூ பையனின் கேள்விகளை 750 வருஷத்துக்கு முன்பே ஒரு துறவி முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்!

1273 டிசம்பரில் அவர் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். அடுத்த மார்ச்சில் இறந்தார். நூல் முடியவில்லை.

6. பாஸ்கல் எழுதிய 'பான்ஸே', 1670.

கணிதத்தில் பாஸ்கல் முக்கோணம் படித்தோமே, அதே பாஸ்கல்தான். 39 வயதில் 1662ல் இறந்தார். கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதத் துண்டுத் துண்டாகக் குறிப்பு எடுத்து வைத்திருந்தார். இறந்தபின் அந்தக் குறிப்புகளே புத்தகமாக வந்தன. 1654 நவம்பர் 23 இரவு தனக்கு நேர்ந்த ஆன்மிக அனுபவத்தை ஒரு தாளில் எழுதிச் சட்டைக்குள் தைத்து வைத்திருந்தார். யாரிடமும் காட்டவில்லை. இறந்தபின்தான் கண்டுபிடித்தார்கள். தர்க்கத்தில் கெட்டிக்காரரான ஒருவர், தர்க்கம் எதுவரை போகும் என்று அறிந்து எழுதிய புத்தகம்.

7. சீகன்பால்குவும் ஆறுமுக நாவலரும்.

இங்கே நம் மண் வருகிறது. 1706ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, பின்னாளில் தமிழ் மக்களிடம் கேள்விகள் கேட்டுக் கடிதம் எழுதி, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713ல் ஒரு நூலும் எழுதினார். ஹாலே நகரத்துப் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அச்சாக 1867 ஆகிவிட்டது.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புப் பணியில் உதவியவர். அப்படி வேதத்தைக் கரைத்துக் குடித்த பிறகு, 1854ல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். கிறிஸ்தவர்கள் சைவத்தைப் பழித்ததற்குச் சைவர் சொன்ன உத்தரவு அது. என் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. நாம் மட்டும் கேள்வி கேட்போம், பதிலை மற்றவர்கள் சொல்ல வேண்டும் என்பது நியாயம் இல்லை.

8. வில்லியம் பேலி எழுதிய 'இயற்கை இறையியல்', 1802.

வழியில் ஒரு கடிகாரம் கிடந்தால் அதைச் செய்தவன் ஒருவன் இருப்பான் அல்லவா, அப்படித்தான் உயிரினங்களும் என்பது இவர் வாதம். டார்வின் மாணவராக இருந்தபோது பேலியை ரசித்து வாசித்தவர். 1859ல் அவரே 'உயிரினங்களின் தோற்றம்' எழுதியபோது, பேலி காட்டிய உதாரணங்களுக்கு வேறு விளக்கம் வந்துவிட்டது. இதை ஏன் பட்டியலில் வைத்தேன்? ஒரு காலத்து அறிவியலில் உள்ள இடைவெளியை நம்பி விசுவாசத்தைக் கட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான். இன்று வாட்ஸ்அப்பில் "விஞ்ஞானிகள் திகைப்பு" என்று செய்தி அனுப்புகிற என் உறவினர்கள் கவனிக்கவும்.

9. லெஸ்லி நியூபிகின் எழுதிய பன்மைச் சமுதாயத்தில் நற்செய்தி பற்றிய நூல், 1989.

1936ல் இந்தியா வந்தவர். 1947ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது 37 வயதில் மதுரை இராமநாதபுரம் பேராயர், பிறகு சென்னைப் பேராயர். காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு உட்கார்ந்து உபநிடதமும் யோவான் சுவிசேஷமும் வாசித்தவர். அங்கே மகான்களின் படங்களுக்கு நடுவே இயேசுவின் படமும் இருந்தது. இயேசுவை இவர்கள் தங்கள் உலகப் பார்வைக்குள் அடக்கிக்கொண்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. 1974ல் இங்கிலாந்து திரும்பியபின், தன் நாட்டுக் கிறிஸ்தவர்களும் வேறொரு உலகப் பார்வைக்குள் இயேசுவை அதே மாதிரி அடக்கி வைத்திருப்பது அவருக்குத் தெரிந்தது. நம் மூக்குக் கண்ணாடி நம் கண்ணுக்குத் தெரியாது. உலகப் பார்வை என்றால் என்ன என்று இதைவிட எளிதாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

10. சி. எஸ். லூயிஸ் எழுதிய இரண்டு புத்தகங்கள்.

நாத்திகராக இருந்து கிறிஸ்தவரான ஆக்ஸ்ஃபோர்டு இலக்கிய ஆசிரியர். 1940ல் 'வேதனை என்னும் பிரச்சினை' எழுதினார். தெளிவான, அழகான வாதங்கள். 1960 ஜூலையில் அவர் மனைவி ஜாய் புற்றுநோயால் இறந்தார். 1961ல் இன்னொரு சின்னப் புத்தகம் வந்தது, துக்கத்தைப் பற்றி. அதைத் தன் பெயரில் போடவில்லை, என். டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில் வெளியிட்டார். முதல் புத்தகத்தில் வேதனையை விளக்கியவர், இரண்டாவதில் வேதனைக்குள் இருந்துகொண்டு கடவுளிடமே கோபப்படுகிறார். விசுவாசத்தை விடவில்லை. ஆனால் பழைய விளக்கங்களை எடுத்து நீட்டவும் இல்லை. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். ஒன்றை மட்டும் வாசித்தால் பாதிதான்.

பட்டியல் முடிந்தது. இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தலைப்பு ஜெபம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்றான். மூன்று வாரத்துக்கு முன்புதான் அவன் தங்கை காய்ச்சலில் இறந்திருந்தாள். "நாங்க எல்லாரும் ஜெபம் பண்ணினோமே சார், அப்புறம் ஏன்?" என்று கேட்டான்.

நான் பயந்துவிட்டேன். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தைரியம் இல்லை. "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. உட்கார்" என்றேன். உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் கேள்வியே கேட்கவில்லை. கொஞ்ச நாளில் வருவதையும் நிறுத்திவிட்டான்.

உத்தரவு சொல்ல வேண்டிய இடத்தில் நான் உத்தரவு போட்டுவிட்டேன். செல்சஸ் சொன்ன குற்றச்சாட்டை அன்று என் வாயாலேயே உண்மையாக்கினேன். இந்தப் புத்தகங்களில் பலவற்றை நான் தேடிப் பிடித்து வாசித்தது அதற்குப் பிறகுதான்.

போன் செய்த மாணவருக்கு: பத்துப் புத்தகத்தையும் வாங்கிப் பையன் தலையில் கட்டாதீர்கள். முதலில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். அவன் கேள்விகளை அவன் வார்த்தையிலேயே எழுதட்டும். நீங்கள் திருத்தாதீர்கள். பிறகு லூயிஸின் புத்தகங்களில் ஒன்றை இருவருமாகச் சேர்ந்து வாசியுங்கள். எந்த இடத்தில் அவன் சொல்வது சரி என்று தோன்றுகிறதோ, அந்த இடத்தில் சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள். அப்பாவுக்கும் தெரியாது என்பதை அவன் தெரிந்துகொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது. கோயிலுக்கு வருவதும் வராததும் அவன் முடிவு. வீட்டில் கேட்க முடிகிறதா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் எழுந்து நின்ற அந்தத் தம்பிக்கு: உனக்கு இப்போது நாற்பத்தைந்தாவது இருக்கும். உன் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால் ஒரு போன் செய். உன் கேள்விக்கு இன்றும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் இந்தத் தடவை உட்காரச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் சார்