அவுரி தந்த மூலக்கூறு

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகும் வழக்கம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இன்னும் மறையவில்லை. தாளிதம் கூடாது, வெளியார் வரக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே வீடு பழைய நிலைக்குத் திரும்பும். நோயுற்றவரை ஒதுக்கிவைத்து மற்றவரைக் காக்கும் அறிவு அந்த ஒழுக்கத்தில் இருக்கிறது. ஆனால் உடலுக்குள் புகுந்துவிட்ட வைரஸை மருந்தால் தடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் நம் மண்ணைச் சேர்ந்தவர்களும் உண்டு.

அந்தத் தேடலின் ஓர் இழை அவுரிச் செடியில் தொடங்குகிறது. 1840-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் அவுரியின் நீலச்சாயத்தை அமிலத்தோடு வினைப்படுத்தி, செம்மஞ்சள் நிறப் படிகம் ஒன்றைப் பெற்றார்கள். ஐசாட்டின் என்று பெயரிட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அதிலிருந்து மெத்திசசோன் என்ற மருந்து பிறந்தது.

அதைச் சோதித்த இடம் சென்னை. பெரியம்மை நோயாளிகளோடு பழகியவர்களில் 1,101 பேருக்கு அந்த மருந்து கொடுக்கப்பட்டது. அவர்களில் மூவருக்கே அம்மை கண்டது. மருந்து பெறாத 1,126 பேரில் 78 பேருக்குக் கண்டது; 12 பேர் இறந்தனர். பிரிட்டிஷ் விஞ்ஞானி பாயரும் உடன் உழைத்தவர்களும் 1963-இல் இதை வெளியிட்டபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து பார்த்தது. அதே சென்னையில் டாக்டர் ஏ. ஆர். ராவ் குழுவினர், நெருங்கிய உறவுடைய இன்னொரு மருந்தை நோய் கண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் 1966-இல் எழுதினார்கள். வெற்றியைச் சொன்ன கட்டுரைக்கு உள்ள மதிப்பு இதற்கும் உண்டு. தடுப்பூசியால் பெரியம்மை ஒழிந்தது. 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது. மெத்திசசோனுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஐசாட்டினை ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே கிருஷ்ணன்கோவிலில், அருள்மிகு கலசலிங்கம் மருந்தியல் கல்லூரியில் பி. செல்வம் என்ற ஆய்வாளர் அதை மீண்டும் கையில் எடுத்தார். ஐசாட்டினோடு சல்ஃபா மருந்து ஒன்றை இணைத்துப் புதிய சேர்மங்களை உருவாக்கினார். பெல்ஜியத்தின் லூவன் நகரில் எரிக் டி கிளார்க்கும் அவருடைய சகாக்களும் ஆய்வில் இணைந்தார்கள். டி கிளார்க், செக் நாட்டு வேதியியலாளர் ஹோலியோடு சேர்ந்து டெனோஃபோவிரைத் தந்தவர். நம் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. நோயாளிகள் அன்றாடம் விழுங்கும் மாத்திரையில் இருப்பது அந்த மருந்துதான். ஹெபடைடிஸ் சி, சார்ஸ் வைரஸ்களின் மீது ஐசாட்டின் சேர்மங்களைச் சோதித்த கட்டுரை 2008-இல் இந்திய மருந்தியல் அறிவியல் இதழில் வந்தது.

சோதனை எப்படி நடக்கிறது? உள்ளங்கை அளவுத் தட்டில் வரிசையாகச் சிறு குழிகள். குழியின் அடியில் உயிருள்ள செல்கள். வைரஸை விட்டு, மருந்தைக் குழிக்குக் குழி அளவு குறைத்துச் சேர்ப்பார்கள். சில நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயம் ஊற்றினால், செல் உயிரோடு இருக்கும் குழி ஊதாவாக மாறும். செல் செத்த குழி வெளிறிக் கிடக்கும். வைரஸ் இல்லாத குழிகளிலும் மருந்தை இட்டுப் பார்ப்பது கட்டாயம். ஏனென்றால் வைரஸ் நம் செல்லுக்குள்ளேயே குடியிருந்து, நம் செல்லின் கருவிகளாலேயே பெருகுகிறது. வைரஸை அடக்கும் அளவுக்கும் செல்லைக் கொல்லும் அளவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதுதான் மருந்தின் தகுதி. வைரஸைக் கொல்லும் பொருள்கள் பல உண்டு. நம்மை விட்டுவைத்து அதை மட்டும் அடக்குபவை மிகச் சில.

கிருஷ்ணன்கோவில் சேர்மங்கள் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. அதனால் அந்த உழைப்பு வீணாகிவிடாது. எந்தச் சேர்க்கை பலன் தந்தது, எது தரவில்லை என்ற ஒவ்வொரு பதிவும் அடுத்து வருபவரின் நடையைக் குறைக்கிறது. ஏதோ ஒரு கஷாயம் எல்லா வைரஸையும் விரட்டும் என்று கேட்கும்போதெல்லாம், மருந்து பெறாத அந்த 1,126 பேரையும் எண்ணிப் பார்த்த சென்னையின் முறையை நாம் நினைக்க வேண்டும்.

புண்ணுக்குக் கட்டும் துணியைச் சத்திரப்பட்டியில் நெய்து நாடெங்கும் அனுப்பும் வட்டாரம் இது. நோய்க்கு மருந்து தேடும் ஆய்வுக்கூடமும் இங்கே இருக்கிறது. இதைப் படிக்கும் மாணவர்களே, அதற்குள் நுழையுங்கள். கண்டதை அளந்து எழுதுங்கள், பலிக்காததையும் சேர்த்து எழுதுங்கள்.