புள்ளிக்கு ஒரு பயணம்: அமெரிக்க இரயிலில் ஒரு கணக்கின் வரலாறு

இலவசம் என்னும் சொல் எந்நாட்டாரையும் ஈர்க்கும். ஆயினும் அமெரிக்க இருப்புப்பாதை வரலாற்றில் அச்சொல் ஒரு காலத்தில் பழிக்கு இடமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குள்ள இரயில் கம்பெனிகள் சட்டமன்ற உறுப்பினர்கட்கும், நீதிபதிகட்கும், பத்திரிகை ஆசிரியர்கட்கும் கட்டணமில்லாச் சீட்டுகளை வாரி வழங்கின. சீட்டைப் பெற்றவர் கம்பெனிக்கு எதிராக வாய் திறப்பாரா? உழவனும் வணிகனும் முழுக் கட்டணம் கொடுத்துச் செல்ல, செல்வாக்குடையவர் சும்மா சென்றனர். இவ்வழக்கத்திற்கு முடிவு கட்டியது, தியோடர் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில் 1906 ஆம் ஆண்டு நிறைவேறிய ஹெப்பர்ன் சட்டமாகும். இரயில் ஊழியர் முதலிய சிலரைத் தவிர ஏனையோருக்கு இலவசச் சீட்டு கூடாது என்று அது விதித்தது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அதே நாட்டின் இரயிலில் இலவசப் பயணம் மீண்டும் தலைகாட்டியது. இம்முறை அது செல்வாக்குக்குக் கிடைத்ததன்று, கணக்குக்குக் கிடைத்தது.

இக்கணக்கின் வேரை இரயிலில் தேடிப் பயனில்லை. மளிகைக் கடையில் தேடவேண்டும். 1896 ஆம் ஆண்டு ஸ்பெர்ரி, ஹச்சின்சன் என்னும் இருவர் தொடங்கிய நிறுவனம், பச்சை நிற முத்திரைத் தாள்களை அச்சிட்டுக் கடைக்காரர்களுக்கு விற்றது. கடைக்காரர், பொருள் வாங்குவோருக்கு அவற்றை இனாமாகக் கொடுத்தார். இல்லத்தரசியர் அவற்றை ஏட்டில் ஒட்டிச் சேர்த்து, ஏடு நிரம்பியதும் பாத்திரமோ விளக்கோ பெற்றனர். வாங்கியவரே மீண்டும் வரவேண்டும் என்பதே இதன் உட்பொருள். 1978 இல் விமானக் கட்டணங்களின் மேலிருந்த அரசாங்கக் கட்டுப்பாடு தளர்ந்து, கம்பெனிகளுக்குள் போட்டி முற்றியது. 1981 மே முதல் நாள் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பயணிகள் பறந்த மைல்களைக் கணக்கு வைத்துப் பரிசளிக்கத் தொடங்கியது. ஒட்டும் தாள் போய்க் கணிப்பொறி வந்தது. கருத்து மட்டும் பழையதே.

இரயிலின் நிலை வேறு. நட்டத்தில் மூழ்கிய தனியார் கம்பெனிகளின் பயணி வண்டிகளைக் காப்பதற்காக 1970 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே ஆம்டிராக் என்னும் பொது நிறுவனம் பிறந்தது. 1971 மே முதல் நாள் அது வண்டிகளை ஓட்டத் தொடங்கியபோது, அதுவரை ஓடிய வண்டிகளில் ஏறக்குறைய பாதி நின்றுவிட்டன. எஞ்சியவற்றில் அதற்குத் தண்டவாளத்தில் போட்டியாளர் எவருமில்லை. அவ்வாறிருக்கப் பயணியை இழுக்கப் பரிசு எதற்கு? விடை நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே உள்ளது. அங்கே அலுவலர் கூட்டத்தை விமானம் அள்ளிச் சென்றுகொண்டிருந்தது. 2000 ஆம் ஆண்டு டிசம்பரில் அசெலா என்னும் விரைவு வண்டி அத்தடத்தில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் கெஸ்ட் ரிவார்ட்ஸ் என்னும் புள்ளித் திட்டமும் வந்தது.

செலவிட்ட ஓர் அமெரிக்க வெள்ளிக்கு 2 புள்ளி என்பது அடிப்படை விதி. எனினும் எவ்வளவு சிறு பயணமாயினும் 100 புள்ளிக்குக் குறையாது என்று ஒரு சலுகை சேர்க்கப்பட்டது. கணக்கறிந்தோர் கண் அங்கே சென்றது. 5 வெள்ளிச் சீட்டுக்கு முறைப்படி 10 புள்ளிதான் வரவேண்டும், வந்ததோ 100. ஆகவே அடுத்த ஊர் வரை சென்று திரும்பி, மறுபடியும் சென்று திரும்பும் விந்தைப் பயணிகள் தோன்றினர். நாளொன்றுக்கு நான்கு பயணத்துக்கு மேல் புள்ளி இல்லை என்று நிறுவனம் வரம்பு கட்டியது. அப்படியும் ஐம்பது நாள் இவ்வாறு அலைந்தால் 20,000 புள்ளி சேரும். இது உழைப்பா, பித்தா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

அசெலாவில் நியூயார்க்–வாஷிங்டன் வணிக வகுப்புப் பயணம் ஒன்றுக்கு 500 புள்ளி கிடைத்து வந்தது. அவ்வழியே வாரந்தோறும் சென்றவருள் பலருக்குச் சீட்டுப் பணம் கொடுத்தது அவர்தம் அலுவலகம். புள்ளியோ பயணியின் பெயரில் ஏறியது. முதலாளி கொடுத்த காசில் விளைந்த பரிசு யாருக்குரியது என்னும் வினா நேர்மையாளர் எவர்க்கும் எழத்தான் செய்யும். 1906 இன் சட்டம் தீர்த்துவைத்த வழக்கின் நிழல் இங்கே மெல்ல விழுகிறது.

சேர்த்த புள்ளியைச் செலவிடும் முறையே இவ்வரலாற்றின் சுவையான பகுதி. நாட்டுப் படத்தை மேற்கு, நடு, கிழக்கு என மூன்று மண்டலமாக நிறுவனம் வகுத்திருந்தது. படுக்கை வண்டியில் ரூமெட் எனப்படும் சிற்றறைக்கு, ஒரு மண்டலத்துக்குள் 15,000 புள்ளி, இரண்டு மண்டலத்துக்கு 20,000, மூன்றுக்கு 35,000. ஓர் அறைக்குத்தான் இக்கணக்கு. அதில் இருவர் செல்லலாம், உணவு வண்டியில் இருவர் சாப்பாடும் அதில் அடக்கம். சிக்காகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் செல்லும் சவுத்வெஸ்ட் சீஃப் வண்டியை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 2,260 மைல், இரண்டு இரவு. கன்சாஸ் மாநிலத்துச் சமவெளி, நியூ மெக்சிகோவின் செம்மண் குன்றுகள், அரிசோனாவின் வறண்ட மேட்டுநிலம் யாவும் 20,000 புள்ளிக்குள். அதே மண்டலங்களில் ஒரே இரவில் முடியும் குறும்பயணத்துக்கும் அதே 20,000 தான்! கோடை விடுமுறையில் கட்டணம் இரு மடங்கானாலும் புள்ளி ஏறாது. பெருவிழாக்களை ஒட்டிய சில நாட்களில் மட்டும் புள்ளிச் சீட்டு மறுக்கப்பட்டது.

ஆகவே மிகுந்த பயன் பெற விரும்பியவர் செய்யவேண்டியது ஒன்றே: மண்டலம் குறைவாகவும் தொலைவு மிகுதியாகவும் அமையும் வழியைத் தேடுவது. அதற்குக் கருவி நாட்டுப் படம். மண்டல எல்லைக் கோட்டில் அமைந்த ஊர்கள் இருபுறத்துக்கும் உரியவை எனக் கொள்ளப்பட்டன. டென்வர் அத்தகையது, மொன்டானாவின் வடகோடியில் உள்ள வுல்ஃப் பாயிண்ட் என்னும் சிற்றூரும் அத்தகையது. டென்வரில் கலிபோர்னியா செஃபையர் ஏறி, மலைத்தொடரைக் குடைந்த 6 மைல் நீள மொஃபட் சுரங்கத்தைக் கடந்து சாக்ரமென்டோ சேர்ந்து, கோஸ்ட் ஸ்டார்லைட்டில் வடக்கே போர்ட்லண்ட் அடைந்து, அங்கிருந்து எம்பையர் பில்டரில் கிழக்கே திரும்பி வுல்ஃப் பாயிண்டில் இறங்கினால், படத்தின்படி மேற்கு மண்டலத்தை விட்டு வெளியேறவே இல்லை. மூன்று இரவு, ஏறத்தாழ 3,000 மைல். கணக்கு ஒரு மண்டலத்துக்குரிய 15,000 புள்ளிதான். ஓநாய் முனை எனப் பொருள்படும் அவ்வூரில் இப்பயணிகளுக்கு வேலை ஒன்றுமில்லை. பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியில் உள்ள அவ்வூர் மக்களுக்கு அந்த வண்டி வெளியுலகுக்குச் செல்லும் வழி. வந்திறங்கியவர்க்கோ அது கணக்கில் ஓர் எல்லைக் கல்.

இதனை ஏமாற்று என்று சொல்வாரும் உளர். அது பொருந்தாது. விதியை எழுதியது நிறுவனம், படித்தது பயணி. எழுதியவர் தம் நாட்டுப் படத்தைப் படித்தவரினும் குறைவாகப் பார்த்திருந்தார் என்பதே உண்மை. பின்னர் இத்தகைய சுற்றுவழிகளை நிறுவனம் படிப்படியாக அடைத்தது. தான் வெளியிட்ட இணைப்பு வழிகளிலேயே செல்லவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது.

பெரிய மாற்றம் 2015 இல் அறிவிக்கப்பட்டு, 2016 சனவரி 24 ஆம் நாள் நடப்புக்கு வந்தது. மண்டலங்கள் அனைத்தும் நீங்கின. அன்றைய சீட்டு விலை எதுவோ அதற்கேற்ற புள்ளி என்றாயிற்று. தொடக்கத்தில் 10 வெள்ளிக்கு ஏறத்தாழ 345 புள்ளி, அதாவது புள்ளி ஒன்றுக்கு மூன்று காசுக்குச் சற்றுக் குறைவு. 30 வெள்ளிக் குறும்பயணம் 1,035 புள்ளியில் முடிந்தது. சிறு பயணிக்கு இது நன்மையே. ஆனால் சிக்காகோ–லாஸ் ஏஞ்சலஸ் சிற்றறை 1,000 வெள்ளி விற்கும் நாளில் 34,500 புள்ளி தேவைப்பட்டது. பழைய 20,000 எங்கே, இது எங்கே! நிலநூல் அறிவுக்கு இருந்த மதிப்புப் போய், நாட்காட்டிக்கு மதிப்பு வந்தது. கட்டணம் தாழ்ந்த பருவத்தில், மாதங்கள் பல முன்னரே பதிவு செய்பவருக்கே புள்ளி மலிவாயிற்று.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. பணம் கொடுத்து வாங்க ஆளிருக்கும் கோடை நாளில் ஓர் அறையைக் குறைந்த புள்ளிக்குக் கொடுப்பது அதற்கு நட்டம். ஆனால் ஓய்வு பெற்றபின் மனைவியோடு நாட்டைக் குறுக்கே கடக்கலாம் என்று பல்லாண்டு சேமித்தவருக்கு இவ்வாதம் ஆறுதலாகுமா? வங்கியில் போட்ட பணத்துக்குச் சட்டக் காப்பு உண்டு. புள்ளிக்கு அத்தகைய காப்பு இல்லை. அதன் மதிப்பு கொடுத்தவர் கையிலேயே இருந்தது, மாற்றியவரும் அவரே. மாற்றத்தைச் சில மாதம் முன்கூட்டியே அறிவித்தது ஒன்றே நிறுவனம் காட்டிய பரிவு.

அச்சில மாதங்களைப் பலர் வீணாக்கவில்லை. பயண நாளுக்குப் பதினொரு மாதம் முன்னரே பதிவு செய்ய இடமிருந்ததால், சனவரி 23 வரை பழைய மண்டலக் கணக்கில் சீட்டு வாங்கியவர் அந்த ஆண்டின் இறுதி வரையிலும் பயணம் செய்ய முடிந்தது. 2016 இன் கோடையில் ஒரே படுக்கை வண்டியில், அடுத்தடுத்த இரு சிற்றறைகளில், ஒரே ஊருக்குச் சென்ற இருவருள் ஒருவர் 20,000 புள்ளியும் மற்றவர் அதற்கு மேல் பாதியும் கூடக் கொடுத்திருக்கலாம். இருவருக்கும் உணவு வண்டியில் பரிமாறப்பட்ட சாப்பாடு ஒன்றே.