பூட்ஸ் வாரிலிருந்து பூட் பார்ட்டிஷன் வரை

ஒரு சிறு அலுவலகத்துக்கு சர்வர் அமைக்க உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்விகளில் ஒன்று, பூட் பார்ட்டிஷனுக்கு எவ்வளவு இடம் விடுவது என்பது. லினக்ஸில் பழகியவர் ஒரு ஜிபி தாராளம் என்பார். விண்டோஸ் சர்வரிலேயே ஊறியவர் நூறு ஜிபிக்குக் குறைத்துவிடாதே என்பார். நூறு மடங்கு வித்தியாசம் இருந்தும் இருவர் சொல்வதும் சரிதான், ஏனென்றால் இருவரும் ஒரே பெயரால் வேறு வேறு இடங்களைக் குறிக்கிறார்கள். இந்தப் பெயர் வந்த வழி தெரிந்தவருக்கு அளவில் குழப்பம் வராது.

முதலில் பூட். நம் காதில் இது பூட்டு, ஏர் பூட்டுதல் ஆகியவற்றுக்கு உறவுக்காரச் சொல் போல ஒலிக்கும். ஒலி ஒத்திருக்கிறதே தவிர உறவு எதுவும் கிடையாது. இது காலில் போடும் பூட்ஸேதான். உயரமான தோல் பூட்ஸின் மேல்விளிம்பில், இழுத்து மாட்டுவதற்காக ஒரு வார் தைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் பூட்ஸ்ட்ராப். 1834-இல் அமெரிக்காவில், நிற்காமல் தானே ஓடிக்கொண்டிருக்கும் பொறியைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒருவர் அறிவித்தார். அப்படியானால் அவர் தம் பூட்ஸ் வாரைப் பிடித்துத் தம்மையே தூக்கிக் கம்பர்லேண்ட் ஆற்றைத் தாண்டிவிடுவார் போலிருக்கிறதே என்று ஒரு பத்திரிகை எழுதியது. நடக்கவே நடக்காத காரியம் என்பதுதான் அன்றைக்கு அந்தத் தொடரின் பொருள். 1888-இல் வந்த ஒரு பள்ளி இயற்பியல் நூலும், தன் பூட்ஸ் வாரை இழுத்து ஒருவன் தன்னையே ஏன் தூக்க முடியாது என்று மாணவர்களைக் கேட்கிறது. இருபதாம் நூற்றாண்டில் பொருள் தலைகீழானது. யார் தயவும் இல்லாமல் சொந்த முயற்சியில் முன்னுக்கு வருவதை அதே தொடரால் பாராட்டத் தொடங்கினார்கள். சேற்றிலிருந்து தன்னைத் தானே தூக்கிக்கொண்ட மன்சௌசன் பிரபுவின் கதையிலிருந்து இது வந்ததாகப் பலர் எழுதுவதுண்டு. அந்தக் கதையில் அவர் பிடித்திழுத்தது தன் தலைமுடியை, பூட்ஸை அல்ல.

கணினிக்காரர்களுக்கு இந்தப் படிமம் கச்சிதமாகப் பொருந்தியது. நினைவகம் வெறுமையாக இருக்கும் கணினிக்கு எதையும் படிக்கத் தெரியாது. படிக்கச் சொல்லும் நிரலையே முதலில் யாராவது உள்ளே படித்து வைக்க வேண்டும். ஐபிஎம் 701-இல் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தார்கள் என்று பாருங்கள். பொத்தானை அழுத்தினால் துளையட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ 36 பிட் கொண்ட ஒரே ஒரு சொல் உள்ளே வரும். அதில் இருக்கும் கட்டளை அடுத்த சில சொற்களைப் படிக்கச் சொல்லும். அவை மேலும் சிலவற்றை அழைக்கும். இப்படியே முழு நிரலும் வந்து சேரும். 1953-இல் அந்த இயந்திரத்தைப் பற்றி எழுதிய வெர்னர் புக்ஹோல்ஸ் இதை பூட்ஸ்ட்ராப் உத்தி என்று குறிப்பிட்டார். பெயர் நிலைத்தது, பின்னால் ஸ்ட்ராப் உதிர்ந்து பூட் மட்டும் மிஞ்சியது. ஐபிஎம்மின் பெருங்கணினி ஆட்கள் இன்றும் அப்படிச் சொல்வதில்லை. 1964-இன் சிஸ்டம்/360 காலத்திலிருந்து அவர்களுக்கு அது ஐபிஎல், அதாவது முதல் நிரல் ஏற்றம்.

பூட்டுக்குப் பக்கத்தில் பார்ட்டிஷன் வந்து உட்கார்ந்தது 1983-இல், ஹார்டு டிஸ்க் வைத்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியும் டாஸ் 2.0-வும் வந்தபோது. வட்டின் முதல் செக்டர் 512 பைட். அதில் 446 பைட் தொடக்க நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, மீதி 2 பைட் முத்திரைக்கு. அட்டவணையில் ஒரு வரிக்கு 16 பைட், ஆக நான்கே வரி. அவற்றில் எதற்கு 'இதிலிருந்து தொடங்கு' என்ற குறி இருக்கிறதோ அதற்குக் கட்டுப்பாடு கைமாறும். 701-இன் பொத்தான் செய்த அதே வேலைதான். இந்த அளவில் பூட் பார்ட்டிஷன் என்றால் இயந்திரம் முதலில் எட்டிப் பிடிக்கும் பகுதி. இதில் குழப்பமே இல்லை.

லினக்ஸ் இந்தப் பொருளை விட்டு விலகவில்லை. பழைய பயாஸ், வட்டின் சிலிண்டர் எண்ணைப் பத்தே பிட்டில் எழுதியது. அதனால் 1024 சிலிண்டருக்கு அப்பால் அதன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. லைலோ என்ற தொடக்க நிரல் பயாஸை நம்பியே கெர்னலை எடுத்தது. எல்லைக்கு வெளியே கெர்னல் போய்விட்டால் மெஷின் எழாது. ஆகவே வட்டின் தொடக்கத்திலேயே ஒரு சின்னப் பகுதியை ஒதுக்கிக் கெர்னலை அங்கே வைத்தார்கள். அந்த எல்லை மறைந்து வெகுநாளாயிற்று. ஆனாலும் மீதி வட்டை மறையாக்கம் செய்பவர்களுக்கும் எல்விஎம் போட்டு வைப்பவர்களுக்கும் தனிப் பகுதி இன்றும் உதவுகிறது.

பெயர் புரண்டது விண்டோஸ் என்டியில். 1993-இல் வந்த என்டி, இன்டெல் சில்லுகளோடு மிப்ஸ், ஆல்ஃபா கணினிகளிலும் ஓடியது. மிப்ஸ் கணினிகளுக்கான ஏஆர்சி விதிமுறை, இயந்திரம் முதலில் படிக்கும் பகுதியை சிஸ்டம் பார்ட்டிஷன் என்று அழைத்தது. சிஸ்டம் என்றால் அங்கே கணினி, இயங்குதளம் அல்ல. மைக்ரோசாஃப்ட் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. எங்கிருந்து விண்டோஸ் எழுந்து வருகிறதோ, அதாவது விண்டோஸ் கோப்புறை இருக்கும் இடத்தை, பூட் பார்ட்டிஷன் என்றது. தொடக்கக் கோப்புகள் இருப்பது சிஸ்டத்தில், சிஸ்டம் கோப்புகள் இருப்பது பூட்டில்! டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள், சி டிரைவுக்குக் கீழே பூட் என்றே எழுதியிருக்கும். இன்றைய யூஇஎஃப்ஐ கணினிகளிலும் தொடக்கப் பகுதிக்கு இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்றுதான் பெயர். இந்தப் பெயர்வைப்பு எனக்கு உடன்பாடில்லை. படிப்பவர் சொல்லை நம்பி இடத்தைத் தேடுகிறார். சொல்லோ அவரை எதிர்ப்பக்கம் அனுப்புகிறது.

அதனால் அளவைக் கேட்பவரிடம், எந்தப் பொருளில் கேட்கிறீர்கள் என்று முதலில் கேட்டுவிட வேண்டும். லினக்ஸ் பொருளில் என்றால் கணக்கு எளிது. கெர்னல் பத்துப் பதினைந்து எம்பி. அதனுடன் வரும் இனிட்ராம்எஃப்எஸ் நாற்பதிலிருந்து நூறு எம்பி வரை, டிரைவர்களைப் பொறுத்து அதற்கு மேலும் போகும். ரெட் ஹாட் வழியில் வழக்கமாக மூன்று கெர்னல்கள் தங்கும். மீட்புக்கு ஒரு பிரதி தனி. ஒருகாலத்தில் ரெட் ஹாட் 100 எம்பி போதும் என்றது, இப்போது 1 ஜிபி கேட்கிறது. இடம் போதாவிட்டால் கெர்னல் அப்டேட் பாதியில் நிற்கும். கவனிக்காமல் விட்டால் அடுத்த ரீபூட்டில்தான் அது நமக்குத் தெரியவரும்.

விண்டோஸ் பொருளில் என்றால் சி டிரைவ் முழுவதையும் பேசுகிறோம். மைக்ரோசாஃப்ட் சிறு அலுவலகங்களுக்கென்றே விற்ற ஸ்மால் பிசினஸ் சர்வரில் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல், ஷேர்பாயின்ட், அப்டேட்களைச் சேமிக்கும் டபிள்யூஎஸ்யுஎஸ் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. 2008 பதிப்பு குறைந்தது 60 ஜிபி கேட்டது. 2011 பதிப்பு 120. தரவைச் சி-யிலிருந்து வேறு டிரைவுக்கு மாற்றவே 2008-இல் தனி வழிகாட்டிகள் இருந்தன என்றால் அங்கே இடநெருக்கடி எப்படியிருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இன்றைய விண்டோஸ் சர்வருக்குச் சொல்லப்படும் 32 ஜிபி நிறுவுவதற்கான அடிமட்டம்தான். பழைய பாகங்களைச் சேர்த்துவைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறை அப்டேட்டுக்கு அப்டேட் பெருகும். பேஜ்ஃபைல் நினைவகத்தோடு சேர்ந்து வளரும். சிஸ்டம் விழுந்தால் எழுதப்படும் டம்ப் கோப்புக்கும் இடம் வேண்டும். என் கணக்கில் சி-க்கு 120 ஜிபி; பயனர் கோப்புகளும் டேட்டாபேஸும் வேறு டிரைவில்.

இரண்டிலும் முதலிலேயே சரியாக வைப்பது நல்லது. லினக்ஸில் பூட் பகுதியை ஒட்டியே அடுத்த பகுதி தொடங்கிவிடுவதால், அதை நகர்த்தாமல் பூட்டைப் பெருக்க வழியில்லை. விண்டோஸிலும் சி-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் காலியிடம் இருந்தால்தான் நீட்ட முடியும். பெரும்பாலும் அங்கே மீட்புப் பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும்.