பேனல் போர்டு வயரிங் வரைபடம்

மின்கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் உள்ள காண்டாக்டர், ரிலே, ஃபியூஸ், டெர்மினல் ஆகியவை ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்று காட்டும் வரைபடம். பட்டறைப் பேச்சில் 'பேனல் டிராயிங்'.

தந்திக் காலத்தில் கருவிகளை அவற்றின் உருவத்தோடும் இருக்கும் இடத்தோடும் வரைவதே இயல்பாக இருந்தது. ரிலேக்கள் பெருகியதும் கோடுகள் பின்னிக்கொண்டன. எது எதை இயக்குகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. ரிலேயின் சுருளை ஓரிடத்திலும் அதன் தொடுமுனைகளை அவை வேலைசெய்யும் இடங்களிலும் பிரித்து வரையத் தொடங்கியதே இந்தத் துறையின் பெரிய திருப்பம் எனலாம். 1937இல் கிளாட் ஷானன் தம் எம்ஐடி ஆய்வேட்டில், ரிலேச் சுற்றுகளைப் பூலியன் இயற்கணிதமாக எழுதலாம் என்று காட்டினார். உருவம் தேவையில்லை, தர்க்கம் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றில்லை.

பிரித்து வரைந்தால் பெயரிடல் பிசகக் கூடாது. அமெரிக்க ஏணி வரைபடத்தில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே சுற்றுகள் படிகளாக நிற்கும். சுருளின் வலப்பக்கத்தில் அதன் தொடுமுனைகள் வரும் வரி எண்கள் இருக்கும். இயல்பில் மூடியிருக்கும் தொடுமுனையின் எண்ணுக்கு அடிக்கோடு. ஐரோப்பிய முறையில் மின்பாதைகள் மேலிருந்து கீழே இறங்கும். இரண்டிலும் கருவிகள் மின்சாரம் இல்லாத நிலையிலேயே வரையப்படும். சுருளுக்கு ஏ1, ஏ2, திறந்த தொடுமுனைக்கு 13-14, மூடியதற்கு 21-22 என்ற எண்கள் காண்டாக்டரின் மீதே அச்சாகியிருப்பதால், தாளிலிருந்து கையை எடுத்து நேரே கம்பியில் வைக்கலாம்.

1906இல் தொடங்கிய சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் குறியீடுகளை ஐஇசி 60617 தரத்தில் தொகுத்தது. 2009இன் ஐஇசி 81346 கருவிகளின் எழுத்துக் குறிகளை மாற்றியது. முன்பு 'கே' என்றிருந்த மோட்டார் காண்டாக்டர் 'க்யூ' ஆனது. பழைய படமும் புதிய படமும் ஒரே ஆலையில் இருந்தால், எந்தத் தரப்படி வரைந்தது என்று முதல் தாளிலேயே எழுதிவிடுவது நல்லது.

1969இல் வந்த மோடிகான் 084 கட்டுப்படுத்தி ஏணி வரைபடத்தையே நிரல் மொழியாக்கியது. மின்பணியாளர்கள் அதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. 1984இல் ஜெர்மனியில் பிறந்த ஈபிளான் போன்ற மென்பொருள்கள் முன்பு கையால் எழுதிவந்த வரி எண் குறுக்குக் குறிப்புகளைத் தாமே நிரப்புகின்றன.

ஆனால் ஆலையில் கடைசி நேரத்தில் மாற்றிய கம்பியை எந்த மென்பொருளும் அறியாது. அதைச் சிவப்பு மையால் குறித்து, திருத்த எண்ணும் தேதியும் இட்டு, அந்தப் படியையே பேனல் கதவின் உட்பையில் வையுங்கள்.